என் பிள்ளையைக் கிள்ளிய நஸீமா டீச்சர்

காலைத் தேநீரை இறக்கி வைப்பதற்குள் தொலைபேசி அடித்தது. நஸீமா டீச்சரின் மூத்த மகன் ரிஸ்வான் பேசினான். "டீச்சர், உம்மா மௌத்தாகிட்டாங்க. சுபஹு தொழுதிட்டுச் சாஞ்சவங்க தான். அமைதியாப் போயிட்டாங்க. அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்."

அந்த 'அமைதி' என்ற சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அவரோடு பணியாற்றிய உங்களைக் கேட்கிறேன்: நம் ஆசிரியர் அறையில் அவர் ஒரு கதிரையில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் இருந்து கண்டிருக்கிறீர்களா? கொப்பிகளைக்கூட யன்னலோரம் நின்றபடிதான் திருத்துவார். மணி அடிக்குமுன்னே வகுப்பு வாசலில் நிற்பார். அப்படிப்பட்டவர் ஒரு சொல் சொல்லாமல் போய்விட்டார் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இப்போது நான் இருக்கும் ஊரிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில் இருக்கை கிடைத்தும் நான் உட்காரவில்லை.

அவரிடம் கணிதம் படித்தவர்களுக்கு ஒன்று மறந்திருக்காது. விடை சரியாக இருந்தாலும் செய்கை காட்டாவிட்டால் புள்ளி கிடையாது. "விடை சரி. வழி எங்க?" என்று சிவப்பு மையில் எழுதிப் பூச்சியம் போட்டுவிடுவார். இது கொஞ்சம் அதிகமில்லையா என்று அதிபர் ஒருமுறை கேட்டபோது, "பக்கத்துப் புள்ளயப் பாத்து எழுதினாலும் இதே விடை தான் சேர் வரும்" என்றார். பிள்ளைகள் அவரைத் திட்டினார்கள். நானும் உள்ளூரச் சிரித்திருக்கிறேன். ஆனால் என் மகள் சுகந்தி இன்று தன் சொந்தக் காலில் நிற்பது அந்தக் கேள்வியால்தான்.

நாங்கள் யாழ்ப்பாணத்துக்காரர். என் கணவருக்குக் கண்டியில் அரசாங்க வேலை. நஸீமா டீச்சர் வீட்டு மதிலுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். தமிழரைத் தேடித் தாக்கிய எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குச் சில கிழமைகள் முன்புதான் சுகந்தி பிறந்தாள். அழமாட்டாள். பால் குடிக்கும்போதே உறங்கிவிடுவாள். தட்டி எழுப்பித்தான் கொடுப்பேன். பிறந்தபோது இருந்த மஞ்சள் நிறம் மட்டும் இலேசில் மாறவில்லை, காலை வெயில் காட்டினோம். பார்க்க வந்தவர்கள் எல்லாரும், இப்படியொரு பிள்ளை கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள். முதற் பிள்ளை என்பதால் எனக்கும் ஒப்பிட ஒன்றும் இருக்கவில்லை.

கலவரம் தொடங்கிய அன்று நஸீமா டீச்சரும் அவர் கணவர் ஹமீத் நானாவும் மதிலருகே ஏணி வைத்து எங்களை இறக்கிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டுப் பின்னறையில் எங்களைப் போல இன்னும் சில தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. அலுமாரியை இழுத்து யன்னலை மறைத்திருந்தார்கள். பிற்பகல் ஒரு கூட்டம் வீட்டை ஒட்டிய ஒழுங்கையால் கத்திக்கொண்டு போனது. தாய்மார் தங்கள் பிள்ளைகளின் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்கள். என் பிள்ளையின் வாயை யாரும் பொத்த வேண்டியிருக்கவில்லை.

சத்தம் தேய்ந்த பிறகு, நாவலப்பிட்டிப் பக்கமிருந்து வந்து கண்டியில் கடை வைத்திருந்த தெய்வானை அக்கா சுகந்தியின் கன்னத்தைத் தொட்டு, "தங்கமான புள்ள. இந்த நேரத்துல இப்படி ஒரு புள்ளதான் வேணும்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்த நஸீமா டீச்சர் மட்டும் நின்றார்.

"டீச்சர், இது எந்த நாளும் இப்படித்தானா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஓம், நல்ல பிள்ளை. ஒரு கரைச்சலும் இல்லை."

அவர் குனிந்து போர்வையை விலக்கினார். காலைப் பிடித்துப் பார்த்தார். "ஐஸ் மாதிரி ஈக்கிது" என்றவர், சட்டென்று உள்ளங்காலில் நறுக்கென்று கிள்ளினார்.

தெய்வானை அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னா டீச்சர் பண்றீங்க? சத்தம் வெளிய போச்சுன்னா நம்மள உசிரோட கொளுத்திருவானுங்க."

"சத்தம் எங்க வந்திச்சு? நானும் அதத்தான் பாக்கிய" என்றார் நஸீமா டீச்சர். மறுபடி கிள்ளினார். பிள்ளையின் முகம் மெதுவாகக் கோணியது. நெடுநேரம் கழித்து, காய்ந்த சருகைக் கசக்கினாற்போல் கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. திறந்த வாயில் நாக்கு தடித்துத் தெரிந்தது. அதையெல்லாம் நான் தினமும் பார்த்தவள்தான். அன்றுதான் உற்றுப் பார்த்தேன்.

"விடை சரியாத்தான் ஈக்கிது டீச்சர்" என்றார் என்னிடம். "புள்ள அழல்ல. ஆனா வழி சரியில்ல."

ஊர் அடங்கட்டும், பிறகு டொக்டரிடம் காட்டலாம் என்று என் கணவர் சொன்னார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. நஸீமா டீச்சர் கேட்கவில்லை. "ஊர் அடங்கும் வரைக்கும் புள்ள வளராம நிக்குமா? எனக்கு இருப்புக் கொள்ளல்ல" என்று ஹமீத் நானாவோடு சண்டை பிடித்தார். ஊரடங்கைச் சிறிது நேரம் தளர்த்தியபோது என் பொட்டை அழித்து, தன் சேலை ஒன்றை எனக்கு உடுத்திவிட்டு முக்காடும் இட்டுவிட்டார். பிள்ளையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஹமீத் நானா வானை ஓட்டினார்.

வழியில் பொல்லு, தடிகளோடு சிலர் மறித்தார்கள். ஒருவன் உள்ளே தலையை விட்டு, பிள்ளை யாருடையது என்று சிங்களத்தில் கேட்டான். "மகே பபா" என்றார் நஸீமா டீச்சர், என் பிள்ளை என்று. சொல்லிவிட்டு, சுகமில்லாத பிள்ளையை மறித்து வைத்திருக்கிறீர்களே என்று அவனையே ஏசினார். வழி விட்டார்கள். அதன்பின் சுகந்திக்கு அவர் வைத்த பட்டம் 'நான் பொய் சொல்லிப் பெத்த புள்ள' என்பது.

ஆஸ்பத்திரியில் இருந்த குழந்தை வைத்தியர் ஒரு சிங்களவர். பிள்ளையைத் தூக்கிப் பார்த்ததுமே முழங்காலை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எலும்பு முதிரவில்லை. தைரொயிட் சுரப்பி பிறப்பிலேயே வேலை செய்யவில்லை என்றார். பிறகு இப்படிப் பிள்ளை உள்ள பெற்றோருக்கு இதை விளங்கப்படுத்தும்போது நான் லாந்தரைத்தான் காட்டுவேன். எண்ணெய் இருக்கிறது, திரி இருக்கிறது; திரியை ஏற்றும் திருகுதான் இல்லை. விளக்கு அணையவில்லை, ஆனால் இருட்டிக்கொண்டே போகும். அந்த இருட்டு மூளைக்குத்தான் முதலில். இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பி முடிவு வரும்வரை தான் காத்திருக்கப் போவதில்லை என்று சொல்லி, வைத்தியர் அன்றே குளிசையைத் தொடங்கினார். பொடியாக்கித் தாய்ப்பாலில் கரைத்துக் கரண்டியால் கொடுக்க வேண்டும், ஒரு நாளும் தவறக்கூடாது, வாழ்நாள் முழுவதும்.

"தாமதமாகிவிட்டதா?" என்று கேட்டேன்.

"வளர வளரத்தான் தெரியும்" என்றார். அந்தப் பதிலோடுதான் பல வருடங்கள் வாழ்ந்தேன்.

எங்கள் வீட்டில் யன்னல்கள்தான் உடைந்திருந்தன. திரும்பிப் போய்ச் சில கிழமைகளில் ஒரு காலை சுகந்தி வீரிட்டு அழுதாள். தூக்க ஓடினேன். அதற்குள் நஸீமா டீச்சர் கையில் அகப்பையோடு எங்கள் வாசலில் நின்றார். "கொஞ்சம் பொறுங்க டீச்சர். கத்தட்டும்" என்றார். இருவரும் நின்று கேட்டோம். அன்றுதான் அவர் எங்கள் வீட்டுக் கதிரையில் முதன்முதலாக உட்கார்ந்தார் என்று நினைக்கிறேன்.

அந்த வருடக் கடைசியில் என் தமையன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நின்றார். "இனியும் இஞ்ச என்னத்துக்கு? வெளிக்கிடுங்கோ" என்றார். தெரிந்தவர் பலர் போய்விட்டார்கள். பெட்டிகூடக் கட்டிவிட்டோம். நஸீமா டீச்சர் தடுக்கவில்லை. பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு தமையனிடம், "அங்க போனா இவங்களுக்குப் பயமில்ல, சரி. நாளைக்குப் பாதையை மூடினா குளிசை எந்தப் பாதையால வரும்?" என்று கேட்டார். கொதிநீர் வைத்துத் தேநீர் ஊற்றுவதற்குள் நாங்கள் பெட்டியை அவிழ்த்தோம். பின்னாளில் போரில் யாழ்ப்பாணப் பாதை மூடப்பட்டபோது, அங்கே மருந்துக்கு அலைந்தவர்களின் கடிதங்களை வாசித்துவிட்டு, வீட்டில் மிச்சமிருந்த குளிசைகளை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

கண்டியிலும் நிம்மதி இருக்கவில்லை. சோதனைச் சாவடி, குண்டு, ஆளடையாள அட்டை என்று ஒன்று முடிய ஒன்று. எனக்கு அவற்றைவிடப் பெரிய பயம் வீட்டுக்குள் இருந்தது. சுகந்தி நடக்கப் பிந்தினால் பயம், பேசப் பிந்தினால் பயம். ஐந்தாம் வகுப்பில் கணிதத்தில் அவள் சறுக்கியபோது கொப்பியைத் தூக்கிக்கொண்டு மதிலடிக்கு ஓடினேன். நஸீமா டீச்சர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "டீச்சர், இது தைரொயிட் இல்ல. சோம்பல்" என்றார். "வழி எல்லாம் சரி. கூட்டித் தான் பாக்கல்ல, கள்ளி." நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

ரிஸ்வானின் தொலைபேசி வந்த அன்று, அடக்கத்துக்கு முன் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அதே பின்னறையில்தான் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் சுற்றியிருந்து தாழ்ந்த குரலில் ஓதிக்கொண்டிருந்தார்கள். அங்கே உரக்க அழுவதில்லை. நானும் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சுவரோரம் நின்றேன். பல்லேகலவில் வேலை செய்யும் சுகந்தி அலுவலகத்திலிருந்து நேரே வந்தாள். வாசலிலேயே, "டீச்சர்" என்று பெருங்குரலெடுத்துக் கதறினாள். ஓதல் நின்றது. யாரோ ஒரு பெண் எழுந்து அவள் தோளைப் பிடித்து, "சத்தம் போடாதீங்க மகள்" என்றார்.

ரிஸ்வானின் மனைவி அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டாள். "உடுங்க. இந்தப் புள்ள அழுற சத்தம் மாமிக்கு விருப்பம்."

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த இருப்புக்கொள்ளாமையைத்தான். எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஊரே சொல்லும்போது, வழி எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது. நேற்றும் காலையில் சுகந்திக்குத் தொலைபேசி எடுத்து, குளிசை போட்டாயா என்று கேட்டேன். "நாற்பது வயசாகுது அம்மா" என்று சத்தம் போட்டாள். நான் கொஞ்சம் பொறுத்தேன், இன்னும் கத்தட்டும் என்று.