தலை வழித்த மரக்கால்

அறுப்பு வேலையில் இடுப்பு வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கூலி அளக்க மரக்காலைத் தூக்கும்போது அடிக்கிற நெஞ்சைத்தான் பொறுக்க முடியாது. ஊர்விட்டு ஊர் போய்க் கூலிக்கு நின்றவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

களத்தில்

எழுபதுகளில், தருவைகுளம் பக்கம் மழை பொய்த்தால் நாங்கள் பெண்கள் கூட்டமாக ஆற்றங்கரை ஊர்களுக்கு அறுப்புக்குப் போவோம். ஆள் சேர்ப்பது நான். கூலி நெல்தான். உள்ளூர்ப் பெண்களுக்கு மரக்காலில் நெல் குவிந்து நிற்க அளப்பார்கள். எங்களுக்கு மட்டும் களத்துக் காரியஸ்தர் சுயம்பு அண்ணாச்சி, குவியலைக் கையால் வழித்துத் தள்ளிவிட்டுப் போடுவார். அப்படித் தள்ளியதைச் சேர்த்தாலே பிள்ளைகளுக்குப் பல நாள் கஞ்சி. ஏன் இப்படி என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"ஏளா, உள்ளூர்க்காரி நாளைக்கும் என் மூஞ்சியில முழிப்பா. நீ பஸ் ஏறிப் போயிருவ."

லேபர் ஆபீஸ் வராந்தாவில்

தூத்துக்குடியில் நாசரேத்துக்கார வக்கீல் ஒருவர் பீஸ் வாங்காமல் மனு போட்டுக் கொடுத்தார். அன்றோடு என் தூக்கம் போயிற்று. தோற்றால் எந்தக் களத்திலும் எங்களை ஏற்ற மாட்டார்கள். என்னை நம்பிக் கைநாட்டு வைத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வேன்?

முதல் வாய்தாவில், நாங்கள் அறுத்த வயலுக்குச் சொந்தக்காரரான வயல்காரர் காரைவிட்டு இறங்கினார். வராந்தாவில் இருந்த நாங்கள் அத்தனை பேரும் எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒதுங்கி நின்றோம். அவரும் பழக்கத்தில் "சாப்பிட்டாச்சா?" என்றார். "ஆச்சு முதலாளி" என்றோம். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கேஸ் போட்டது நீங்கதானம்மா? இல்ல, அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்திருக்கீங்களா?"

மில்லர்புரத்தில்

எழாமல் உட்கார்ந்திருக்க வக்கீல் தம் மில்லர்புரம் வீட்டிலேயே பழக்கினார். அவர் சம்சாரம் காப்பித் தட்டோடு வந்ததும் மறுபடி எல்லாரும் எழுந்துவிட்டோம். எங்களில் வாய்த்துடுக்கான பேச்சிதான் அலுத்துக்கொண்டாள்.

"உக்காருததுக்கும் படிக்கணுமாக்கா? இந்நேரம் ஒரு வயலை அறுத்திருக்கலாம்."

மரக்கால் வந்த நாள்

அடுத்த வாய்தாவில் சுயம்பு அண்ணாச்சி, எல்லாருக்கும் குவித்துத்தான் அளப்பதாகச் சத்தியம் செய்தார். எங்களுக்காகப் பேச உள்ளூரிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. அவ்வளவுதான், தோற்றோம் என்று நினைத்தேன். அதிகாரி நெல்லும் மரக்காலும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். "இந்தம்மாவுக்கு அளந்து காட்டும்" என்றார்.

பேச்சி முந்தானையை விரித்து நின்றாள். அண்ணாச்சி மரக்காலை நெல்லில் முக்கி எடுத்தார். நெல் அழகாகக் குவிந்து நின்றது. அவர் நிமிர்ந்து பேச்சியைப் பார்த்தார். கை தானாக வந்து குவியலை வழித்துவிட்டது. ஆபீஸ் தரையெல்லாம் நெல். வயல்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி அதை எழுதிக்கொண்டார். அண்ணாச்சி தன் கையையே பார்த்தார்.

"அய்யா, இந்தப் பிள்ளையளக் கண்டா இந்தக் கை இப்படித்தான் போவுது."

தீர்ப்புக்குப் பிறகு

குறைத்த நெல்லைக் கொடுக்க வேண்டும், இனி எல்லாருக்கும் ஒரே அளவு என்று உத்தரவு வந்தது. வயல்காரர் வெளியே வந்தபோது ஒருத்தியும் எழவில்லை. எனக்கு மட்டும் கால் குறுகுறுத்தது. மூச்சு விட்ட கையோடு அடுத்த கவலை பிடித்தது: இனி யார் நம்மைக் கூப்பிடுவார்கள்? பஸ் ஸ்டாண்டில் சுயம்பு அண்ணாச்சியே பின்னால் வந்தார்.

"மாசியில பிசான அறுப்புக்கு வந்துருங்க, உங்களப் போல அறுக்க அங்கன ஆள் இல்ல. அளக்க மட்டும் வேற ஆளப் போட்டிருக்காவ."

கவலை என்னைவிட்டு முழுசாகப் போகவில்லைதான். இன்றும் யார் நெல் அளந்தாலும் முதலில் அவர் கையைத்தான் பார்க்கிறேன்.