ருசி பார்க்காமல் செய்த டாஃபி பிஸ்கட்

"ரொம்ப ஈஸி" என்று சொல்லி யார் சமையல் குறிப்புக் கொடுத்தாலும் நான் நம்புவதில்லை. அந்த அவநம்பிக்கை எனக்குப் பத்தொன்பதாவது வயதில் வந்தது. இடம், சாந்தோமில் எங்கள் வீட்டுச் சமையலறை. நாள், ஈஸ்டர் என்கிற பாஸ்குத் திருநாளுக்கு முந்தின பெரிய சனிக்கிழமை.

அக்கா ஒரு கான்வென்ட்டில் டீச்சர். அவளோடு வேலை பார்த்த ஆங்கிலோ இந்திய டீச்சர் ஒருத்தி சொல்லிக்கொடுத்த பண்டம் அது. அடியில் வெண்ணெய் பிஸ்கட், அதன்மேல் டாஃபி, அதற்கும் மேலே வெள்ளை வெளேரென்று ஐசிங். விரல் நீளத்துக்கு வெட்டி அடுக்க வேண்டியதுதான். "குழந்தைகூடச் செய்யும்" என்றாளாம். தன் வீட்டில் பிஸ்கட் சுடுகிற இரும்பு 'அவன்' அடுப்பு இருக்கிறது என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.

எனக்கு ஒருவரைப் பிடித்திருந்தது. தியாகராய நகரில் கணக்கு வாத்தியார். எங்கள் கோயில் பாட்டுக் குழுவில் கட்டைக் குரலில் பாடுவார். நான் முன்வரிசையில் நின்று பாடும்போது அந்தக் குரல் என் பிடரியில் வந்து உட்காரும், எனக்குத் தாளம் தப்பிவிடும். அவருக்கும் என்னைப் பிடித்திருந்தது. இரண்டு அப்பாக்களுக்கும் சம்மதம். மிச்சம் இருந்தவர் அவருடைய அம்மா ஒருவர்தான். அந்த அம்மா ஏற்கெனவே இரண்டு பெண்களை வேண்டாம் என்றவர். ஒருத்தி செய்த அச்சு முறுக்கு நமுத்துப்போயிருந்ததாம். "பதம் தெரியாதவ கையில குடும்பம் இன்னாத்துக்கு ஆவும்?" என்று கோயில் வாசலில் நின்றே சொல்லியிருக்கிறார். பெரிய சனிப் பூசை முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, பெண் தன் கையால் செய்த ஏதாவது ஒன்றைத் தின்றுபார்த்துவிட்டுப் பதில் சொல்வதாகச் செய்தி அனுப்பினார். அந்த வாத்தியார் இல்லையென்றால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

ரேஷன் காலத்தில் பண்டம் செய்யச் சர்க்கரை ஏது என்று கேட்பீர்கள். தபசு காலம் கொடுத்த சர்க்கரை அது. பாஸ்குக்கு முந்தின நாற்பது நாளும் எங்கள் வீட்டில் காப்பிக்குக்கூட இனிப்புக் கிடையாது. அம்மா நேர்ந்துகொண்டால் குடும்பமே நேர்ந்துகொண்ட மாதிரி. ரேஷன் சர்க்கரை பாட்டிலில் ஏறிக்கொண்டே வந்தது. நாங்கள் போகிற போக்கில் அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வோம். அந்தக் காலத்தில் காலையிலேயே நடக்கும் பெரிய சனிப் பூசையின் நடுவில், வியாழக்கிழமையிலிருந்து வாய்மூடிக் கிடந்த கோயில் மணி அடிக்கும். அடித்தால் தபசு முடிந்தது. அதுவரைக்கும் நாக்கில் ஒரு துளி இனிப்புப் படக் கூடாது, கிண்டுகிறவள் நாக்கானாலும் சரி.

அம்மாவும் அப்பாவும் கோயிலுக்குப் புறப்பட்டார்கள். "வெந்துச்சான்னு கண்ணால பாருங்க, வாயால பாக்காதீங்க" என்று அம்மா வாசற்படியில் திரும்பி நின்று சொன்னாள்.

எங்கள் 'அவன்' அடுப்பு ஒரு அலுமினியக் குண்டான். அடியில் மணலைப் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து, மூடிக்கு மேலே தணலைக் கொட்ட வேண்டும். மேலும் கீழும் நெருப்பு, நடுவில் பிஸ்கட், பக்கத்தில் வியர்வையில் குளித்த நாங்கள் இரண்டு பேர். பிஸ்கட் ஒரு ஓரம் கறுத்தது, மற்றபடி பொன்னாக வந்தது. பிறகு டாஃபி. வெண்ணெயும் சர்க்கரையும் பாலும் கொதித்துச் சிவக்கச் சிவக்க ஒரு வாசனை கிளம்பியது பாருங்கள்! நாற்பது நாள் காய்ந்த வாய். அக்கா புடவைத் தலைப்பை மூக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டு கிண்டினாள். வாசனை பிடிப்பது பாவத்தில் சேருமா என்று எங்களுக்குள் ஒரு வாக்குவாதமே நடந்தது. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டேன். கல்லாகிக் கிண்ணத்தில் 'டிங்' என்று தட்டியது. பதம்! அக்கா என்னைக் கட்டிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள், கரண்டியோடு.

டாஃபியை ஊற்றி, சூட்டோடு துண்டு போட்டு ஆறவிட்டு, முந்தின நாளே இடித்துச் சலித்து வேறு பாட்டிலில் வைத்த சர்க்கரையில் முட்டை வெள்ளைக்கருவும் எலுமிச்சைச் சாறும் விட்டு அடித்து, ஐசிங்கையும் தடவியாயிற்று. பாட்டிலை அலமாரியில் வைக்கப் போனேன். அங்கே அதே மாதிரி இன்னொரு பாட்டில், அதே மாதிரி வெள்ளைத் தூள். மாங்காய்க்குத் தொட்டுக்கொள்ள அம்மா இடித்து வைத்த உப்பு.

"அக்கா, எந்த பாட்டில்லேந்து எடுத்தே?"

"நீதானேடி எடுத்துக் குடுத்தே!"

இரண்டையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம். குலுக்கினோம். மோந்து பார்த்தோம். கரண்டியில் ஒரு சிட்டிகை போட்டுச் சூடு காட்டியிருந்தால் சர்க்கரை கருகிக் காட்டிக்கொடுத்திருக்கும் என்று அப்பா பிற்பாடு சொன்னார். பிற்பாடு யார்தான் சொல்ல மாட்டார்கள்?

அந்த நேரம் பார்த்துப் பின்வீட்டுத் தோழி வந்தாள். பிராமணப் பெண், என் வயதுதான். அவளுக்கு ஏது தபசு? அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"ஒரே ஒரு வாட்டி நக்கிப் பாத்துச் சொல்லேன். உப்பா, சக்கரையா?"

"முட்டை போட்டிருக்கேளா?"

"வெள்ளைக்கரு மட்டுந்தான்."

"வெள்ளைக்கருன்னா அதென்ன கத்திரிக்காயா? ஆத்துல தெரிஞ்சா அம்மா என்னைக் கெணத்துல தள்ளிடுவா!"

சரி, முட்டை விழாத தூளையாவது தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். அது ஒருத்திக்கும் தோன்றவில்லை. முட்டை தின்னலாம் என்கிறவளுக்கு நேரம் வரவில்லை, நேரம் வந்தவளுக்கு முட்டை ஆகாது. மூன்று பேரும் தட்டைச் சுற்றி உட்கார்ந்து கன்னத்தில் கைவைத்துக்கொண்டோம். அப்புறம் என் தோழிக்கு ஒரு யோசனை உதித்தது.

"எறும்பைக் கேளுங்கோடி!"

எறும்புக்குத் தபசும் இல்லை, ஆசாரமும் இல்லை. பின்கட்டுச் சுவரோரம் போய்க்கொண்டிருந்த சிற்றெறும்பு வரிசைக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு ஐசிங்கை வைத்துவிட்டுத் தரையில் குப்புறப் படுத்தோம். ஒரு எறும்பு வந்தது. நின்றது. மீசையை ஆட்டியது. அது சட்டென்று திரும்பி ஓடியது. அடுத்ததும் ஓடியது. மூன்றாவது எறும்பு பக்கத்திலேயே வராமல் சுற்றிக்கொண்டு போனது.

"உப்புதான்" என்றாள் அக்கா, கல்லறைக்குப் போகிற குரலில்.

நான் எழுந்து கத்தியை எடுத்தேன். தடவிய ஐசிங் முழுவதையும் வழித்தோம். அதற்குள் அது இறுகியிருந்ததால் சில்லு சில்லாகப் பெயர்ந்து வந்தது. டாஃபியின் முகமெல்லாம் கீறல். கடைசிச் சில்லைப் பெயர்க்கும்போது மணி அடித்தது. ஊரே கேட்கும்படி, மூன்று நாள் மௌனத்துக்கும் வட்டி போட்டு அடித்தது. நான் அழுகையோடு ஒரு சில்லை வாயில் போட்டேன்.

சர்க்கரை! சுத்தமான, பளீரென்ற, நாற்பது நாள் காத்திருந்த சர்க்கரை!

"அக்கா, இனிப்பு!"

அவளும் ஒரு சில்லை வாயில் போட்டாள். கண் இரண்டும் விரிந்தன.

"அப்ப எறும்பு ஏன் ஓடித்து?" என்றாள் தோழி. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "எலுமிச்சம்பழம் ஏதாவது பிழிஞ்சேளா?"

"ஆமா."

"எலுமிச்சைன்னா எறும்பு கிட்டவே வராதேடி! முன்னாடியே சொல்லப்படாதோ?"

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தால் இன்னும் வந்தது. தரையில் விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சில்லுகளை அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு சிரித்தோம். தோழி ஒன்றும் தின்னாமலே எங்களைவிட அதிகமாகச் சிரித்தாள். பூசை முடிந்ததையோ, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதையோ யார் கவனித்தோம்?

"இன்னா பொண்ணுங்களா, இன்னா நடக்குது இங்க?"

அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். தலையில் முக்காடு, கையில் மெழுகுவர்த்தி. பின்னால் என் அம்மா, முகம் சுண்டிப்போய். என் வாயைச் சுற்றி வெள்ளை, மடியில் தட்டு, தட்டில் மொட்டைப் பிஸ்கட். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பொய் சொல்லவும் புத்தி ஓடவில்லை. பாட்டில், உப்பு, முட்டை, எறும்பு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். பாதியில் சிரிப்பு போய் அழுகை வந்தது.

அந்த அம்மா ஒரு பிஸ்கட்டை எடுத்தார். மேலே ஒரு ஐசிங் சில்லை வைத்துக் கடித்தார். டாஃபி 'டக்'கென்று உடைந்தது. கண்ணை மூடி மென்றார். இன்னொன்றை எடுத்தார். அதையும் மென்று முடித்தார்.

"மணி அடிக்கிற வரைக்கும் ஒரு சொட்டுகூட நாக்குல வெக்கலியா நீ?"

"இல்லீங்க."

"மெய்யாலுமா?"

"மெய்யாலும்."

அவர் என் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முக்காட்டைத் தள்ளிவிட்டுத் தரையில் எங்களோடு உட்கார்ந்தார்.

"நான் காலையில பாயசத்தை மூணு வாட்டி நக்கிப் பாத்துட்டுதான் கோயிலுக்கே போனேன். எங்க வூட்ல அப்பன், புள்ள, நான், அல்லாரும் இதே கேசுதான். சட்டி அடுப்புல கீது, பாதி காலி. பண்டம் ஒரு நாளாவது முழுசா மேசைக்கு வரணும்னா எங்க வூட்டுக்கு இந்த மாதிரி ஒருத்தி வேணும்."

பிறகு வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். அதுவரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தெருவிலேயே நின்றிருந்தாராம் என் கணக்கு வாத்தியார்.

"டேய், இன்னாத்துக்கு அங்கயே நின்னுக்கினு கீற? கோயில் சாமியார் சாப்பிட உக்காறதுக்குள்ள அவராண்ட ஓடு. நாளைக்குப் பூசையிலயே ஊருக்கே தெரியிற மாதிரி உங்க கல்யாண ஓலைய வாசிக்கணும்னு நான் சொன்னேன்னு சொல்லு!"