முதுகு கிழிந்த கோட்டுக்கு இரண்டு பேர்

போட்டோ ஸ்டுடியோக்காரனுக்குக் கோட்டில் முன்பக்கம் மட்டும் இருந்தால் போதும். பின்பக்கம் பூச்சி அரித்திருக்கலாம், கிழிந்திருக்கலாம், இல்லாமலேகூட இருக்கலாம். ஒல்லியான ஆள் வந்தால் முதுகுப் பக்கம் துணி காயப்போடுகிற கிளிப்பை நாலு போட்டு இறுக்கிவிடுவோம். பருமனான ஆள் வந்தால் முதுகுத் தையலைப் பிரித்துவிட்டே மாட்டிவிடுவோம். படத்தில் இரண்டு பேருமே கம்பெனி மேனேஜர் மாதிரி இருப்பார்கள்.

நீடாமங்கலம் கடைத்தெருவில் என் ஸ்டுடியோ. ஊரில் பாதிப் பேர் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. வேலைக்கு அனுப்ப ஒரு படம், ஜாதகத்தோடு வைக்க ஒரு படம், இரண்டுக்கும் கோட்டு வேண்டும். என்னிடம் இருந்தது ஒரே கறுப்புக் கோட்டு. ஒருநாள் கல்யாணத் தரகர் ஒருவர் தன் ஆல்பத்தைப் பிரித்துக் காட்டினார். பதினோரு மாப்பிள்ளைகள் என் கோட்டுக்குள் இருந்தார்கள். மானம் போய்விட்டது. உள்ளூரில் தைத்தால் பேண்டு வாத்தியக்காரர் சட்டை மாதிரி வருகிறது. அப்போதுதான் பக்கத்துக் கடை ஹாஜா பாய், வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் அப்பா, தாத்தா போட்ட கோட்டுகளை இன்டர்நெட்டில் ஏலம் விடுகிறார்கள் என்று சொல்லி என்னைக் கெடுத்தார்.

முதுகு கிழிந்த கோட்டை அங்கே யாரும் சீந்தமாட்டார்கள். நமக்கு அதுதான் வேண்டும். கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்! ஏலம் கேட்டு, கடைசி நொடியில் பறிகொடுத்து, சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கும் என் சக நோயாளிகளுக்கு மட்டும் அந்தச் சுலபம் எப்படிப்பட்டது என்று தெரியும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு நேர் எதிர் வரிசையில் செல்வராசு ஸ்டுடியோ வைத்திருக்கிறான். இரண்டு பேரும் தஞ்சாவூரில் ஒரே முதலாளியிடம், ஒரே டார்க்ரூமில் தொழில் கற்றவர்கள். அவன் கடைப் படியில் ஒரு ஆள் ஏறினால் எனக்கு இங்கே அடிவயிறு எரியும். இதற்கு வேறு நல்ல பெயர் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை, பொறாமைதான்.

மூன்று கோட்டு மச்சினன்

வெளிநாட்டில் விற்கிறவர்கள் இந்தியாவுக்கு அனுப்பமாட்டேன் என்பார்கள். அதனால் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் என் மச்சினன் முருகேசன் விலாசத்தைக் கொடுத்துவிடுவேன். பணமும் அவன் கார்டிலிருந்துதான் போகும். செல்வராசுவுக்கு லண்டனிலேயே கூடப்பிறந்த அண்ணன். கோட்டு விளைகிற ஊரில் அண்ணன்! என் மச்சினனும் கொஞ்சம் படித்துத் தொலைத்து லண்டனுக்குப் போயிருக்கலாம்.

முதல் தவணையாக மூன்று கோட்டு சேர்ந்தது. முருகேசன் பொங்கலுக்கு வரும்போது கொண்டுவரச் சொன்னேன். திருச்சி விமான நிலையத்து வாசலில் காத்திருந்தால், குளிர்சுரம் வந்தவன் மாதிரி ஒருத்தன் வருகிறான். பெட்டியில் எடை கூடிவிட்டதாம். மூன்று கோட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, வியர்வை சொட்டச் சொட்ட நடந்து வந்தான். மேலே இருந்ததில் முதுகு இல்லை, அதன் வழியாக நடுவில் இருந்த கோட்டின் கிழிசல் தெரிந்தது. நான் முதலில் கோட்டுகளைத்தான் தடவிப் பார்த்தேன். அவன் அதைக் கவனித்துவிட்டான்.

"மச்சான், ஏர்ஹோஸ்டஸ் பொண்ணு என் முதுகைப் பாத்துட்டு, யாரும் அடிச்சாங்களான்னு கேட்டுச்சு. நீங்க அதைக்கூடக் கேக்கல."

துரையும் கைலிக் கோட்டும்

நாலாவது கோட்டிலிருந்து எனக்கு ஒரு எதிரி முளைத்தான். ஏலத்தில் ஆட்களுக்குச் சொந்தப் பெயர் இருக்காது, புனைபெயர்தான். இவன் பெயர் வெறும் என்.எம்.ஜே. என்ற மூன்று இங்கிலீஷ் எழுத்தும் ஒரு எண்ணும். நான் எந்தக் கோட்டைத் தொட்டாலும் இவன் வந்து கொஞ்சம் கூட்டிக் கேட்பான். யாரோ இங்கிலீஷ்காரன், பெயரின் முதல் எழுத்துகளை வைத்திருக்கிறான் என்று நினைத்து அவனுக்குத் 'துரை' என்று பெயர் வைத்தேன்.

ஒரு அமெரிக்காக்காரர் அரைநூற்றாண்டுப் பழைய கட்டம்போட்ட கோட்டு ஒன்றை ஏலம் விட்டார். மெட்ராஸ் துணி, துவைக்கத் துவைக்கச் சாயம் போகும் என்று பெருமையாக எழுதியிருந்தார். நம் ஊரில் சாயம் போனால் கடைக்காரன் முகத்தில் விட்டெறிந்துவிட்டு வருவோம். இவர் அதையே சிறப்பு என்கிறார். எனக்கு அது வேண்டவே வேண்டாம். ஆனால் துரை கேட்டிருந்தான். துரைக்கு வேண்டுமென்றால் எனக்கும் வேண்டும். விட்டேனா, அடித்துப்பிடித்து வாங்கினேன்.

கோட்டு வந்தது. துபாய் வேலைக்கு மனுப்போடத் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்த ஹாஜா பாய்க்குத்தான் முதலில் எடுத்துக் காட்டினேன். அவர் அதைத் தடவிப் பார்த்தார். பிறகு குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார். இரண்டும் ஒரே கட்டம், ஒரே சிவப்பு, ஒரே பச்சை.

"வீட்டுல கட்டுற கைலியை மேல போட்டுக்கிட்டு போட்டோ அனுப்பினா, வேலை கொடுக்க மாட்டான், போய்ப் படுத்துத் தூங்குன்னுதான் சொல்லுவான்."

டிக்கெட்டில் இருந்த துரை

சென்னையில் ஒரு கல்யாணம். ரயிலுக்கு டிக்கெட் எடுக்க ஸ்டேஷனுக்குப் போனேன். டிக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்தால், ஏறும் இடத்தில் என்.எம்.ஜே. என்று அச்சாகியிருக்கிறது. எனக்குத் தலை சுற்றியது. துரையின் பெயர் என் டிக்கெட்டில் எப்படி வந்தது? இத்தனை வருஷம் இந்த ஸ்டேஷனில் ஏறி இறங்கியிருக்கிறேன். நீடாமங்கலம் ஜங்ஷனுக்கு ரயில்வே வைத்திருக்கும் சுருக்கம் என்னவென்று ஒருநாளும் பார்த்ததில்லை.

அப்புறம் யோசித்தேன். முதுகு இல்லாத கோட்டுக்காக உயிரை விடுகிறவன் உலகத்தில் யாராக இருப்பான்? போட்டுக்கொள்கிறவன் வாங்கமாட்டான். அதை மாட்டிப் படம் எடுக்கிறவன்தான் வாங்குவான். நீடாமங்கலத்தில் அப்படி இரண்டே பேர். உலகம் முழுக்க வலை விரித்திருக்கிறது, நானும் அவனும் அதே கடைத்தெருவின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்து, ஒருத்தன் கேட்டதை இன்னொருத்தன் ஏற்றி, எங்கோ இருக்கும் வெள்ளைக்காரனை வாழவைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். துரையிடம் தோற்றபோது வெறும் வருத்தம்தான். செல்வராசுவிடம்தான் அத்தனையும் தோற்றேன் என்று தெரிந்ததும் காது மடல் வரை சூடேறிவிட்டது. கவுண்டர் முன்னால் அப்படியே நின்று, "இது எந்த ஊரு சார்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"சார், இது நீங்க இப்ப நிக்கிற ஊரு. தள்ளி நில்லுங்க, பின்னாடி ஆளு இருக்கு."

எதிர் வரிசைக் கரண்ட்

ஆடி மாதம் அது ஏலத்துக்கு வந்தது. சாம்பல் நிறம், தலைமுடி கனத்தில் நீலக்கோடு, தோள் அப்படியே பலகை வைத்த மாதிரி. கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகு கிழிந்திருக்கிறது என்று விற்பவர் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தக் கோட்டைப் போட்டால் நாற்று பறித்துவிட்டுக் கரையேறி வந்தவன்கூட ஜில்லா கலெக்டராகத் தெரிவான்.

ஏலம் மத்தியானம் இரண்டே காலுக்கு முடியும். காலையிலிருந்து நாற்காலியை விட்டு எழவில்லை. இரண்டு மணிக்கு நான்தான் முன்னால். இரண்டு ஐந்துக்குக் கரண்ட் போனது. எங்கள் வரிசைக்கு வழக்கமாகப் பத்திலிருந்து பன்னிரண்டு வரைதான் மின்வெட்டு. அன்றைக்கென்று மாற்றிவிட்டார்கள். வாசலுக்கு ஓடிவந்து பார்த்தால் செல்வராசு கடையில் டியூப்லைட் எரிகிறது, பேன் சுற்றுகிறது, அவன் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். அந்த முதுகைப் பார்த்தபோது எனக்கு வந்த எண்ணங்களை இங்கே எழுத முடியாது. மின்சார ஆபீசுக்குப் போன் போட்டுக் கத்தினேன். தெரிந்த லைன்மேன்தான் எடுத்தார்.

"அண்ணே, எதிர் வரிசை வேற டிரான்ஸ்பார்மர். அவசரம்னா அங்க போய் உக்காருங்க, பேன் காத்தாவது வரும்."

தரகர் கொண்டுவந்த படம்

என் மகள் சுகந்திக்கு அப்போது இருபத்தேழு வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வந்த படங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'வேண்டாம்ப்பா' என்று கவிழ்த்து வைத்துவிடுவாள். நாலு இடம் அப்படிப் போய்விட்டது. என் மனைவி சந்திரா கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டிருந்தாள். எனக்கும் கவலைதான்.

ஐப்பசியில் திருப்பனந்தாள் தரகர் ஒரு படத்தை எடுத்து வைத்தார். பையனுக்குக் குத்தாலம், சிங்கப்பூரில் எஞ்சினியர், நீடாமங்கலத்தில் அக்காவைக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். சுகந்தி படத்தைக் கையில் எடுத்தாள். கவிழ்க்கவில்லை. ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். "வரச் சொல்லுங்கப்பா" என்றாள். வீட்டில் விளக்கேற்றின மாதிரி ஆகிவிட்டது. நானும் சந்தோஷமாகப் படத்தை வாங்கிப் பார்த்தேன். சாம்பல் நிறம். நீலக்கோடு. பலகைத் தோள்.

பையனின் முகம் என் கண்ணில் படவேயில்லை. அது செல்வராசு எடுத்த படம், அவன் வெளிச்சம் வைக்கிற விதமே எனக்குத் தெரியும், அதுவும் நன்றாக வைத்திருந்தான். "இந்த இடம் சரிவராது" என்றேன். தரகர் விழித்தார். சுகந்தி உள்ளே போய்விட்டாள். என்ன காரணம் என்று சந்திரா விடாமல் கேட்க, வாய் தவறி, "அந்தக் கோட்டு..." என்று சொல்லிவிட்டேன்.

"நீங்க பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குறீங்களா, ஸ்டுடியோவுக்குக் கோட்டு பாக்குறீங்களா?"

பெண் பார்க்க வந்தவர்

மூன்று நாள் சுகந்தி என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை மட்டும் சத்தம் வராமல் வைத்துவிட்டுப் போவாள். அவள் கத்தியிருந்தால்கூட நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். நாலாம் நாள், வரச் சொல்லுங்கள் என்றேன். பையன் கோட்டைப் பற்றிப் பீற்றிக்கொண்டால் அதை வைத்தே தட்டிக்கழித்துவிடலாம் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்தது.

தீபாவளி லீவில் ஊருக்கு வந்திருந்த பையன் அரைக்கைச் சட்டையில் வந்தார். பெயர் இளங்கோ. காபி வந்ததும் கேட்டேன், "போட்டோவுல போட்டிருந்த கோட்டு சொந்தமா?" அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "இல்லீங்க, ஸ்டுடியோ கோட்டு. பின்னாடி ஒண்ணுமே இல்லீங்க, சட்டைதான் தெரியும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கதவு இடுக்கில் சுகந்தியின் சிரிப்பும் கேட்டது. என்னால் விட முடியவில்லை. "நேர் எதிர்லதான் நம்ம ஸ்டுடியோ. இங்க வந்திருக்கலாமே?" என்றேன்.

"வந்தேங்க" என்றார். "ஆவணிக் கடைசி வெள்ளிக்கிழமை, மத்தியானம். மூணு தடவை 'சார்'னு கூப்பிட்டேன். நீங்க கம்ப்யூட்டரை விட்டு நிமிரவே இல்லை."

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கையில்லாத ஒரு பழுப்பு வேஸ்ட்கோட்டுக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கடைசி நிமிஷத்தில் செல்வராசு சட்டென்று ஏலத்தை விட்டுவிட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் பின்வாங்கினான் என்று சந்தோஷம் தாங்காமல் கால் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஏன் விட்டான் என்று மட்டும் அன்று புரியவில்லை. இளங்கோ காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, என் மனம் புண்படக் கூடாதே என்று மெதுவாகச் சொன்னார்.

"எதிர்க்கடை அண்ணனும் கம்ப்யூட்டர்லதாங்க உக்காந்திருந்தாரு, ஆனா என்னைப் பாத்ததும் அதை அப்படியே போட்டுட்டு, 'வாங்க தம்பி'ன்னு எந்திரிச்சு வந்துட்டாரு."

தை மாதம் கல்யாணம் நடந்தது. பெண்ணைப் பெற்றவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலையக் கூடாது என்று சம்பந்தி வீட்டார் சொல்லிவிட்டதால் ஆல்பம் முழுக்கச் செல்வராசுதான் எடுத்தான், அதில் நான்கூட நன்றாக விழுந்திருக்கிறேன் என்பதைத்தான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.