ஐஸ்கிரீமுக்குக் கொடுத்த குளிர்

சித்தேரி மலைப் பிள்ளைகளுக்குப் போக வேண்டிய போலியோ சொட்டு மருந்தை நான் கெடுத்தேன். கெட்டது தெரிந்தும் அதைக் கொண்டுபோய் அவர்கள் வாயில் விட்டேன். எதற்காக? என் வீட்டு விருந்தில் ஐஸ்கிரீம் உறைய வேண்டும் என்பதற்காக!

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் பாதியில் எழுந்து போனாலும் சரி. போகவில்லை என்றால் முழுவதையும் கேளுங்கள். மருந்தைக் கெடுத்தது என் குற்றங்களில் சின்னது.

நான் மலையடிவாரத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஊர்ப் பெயர் வேண்டாம். நிலையத்துக்குப் பின்னாலேயே எங்கள் குவார்ட்டர்ஸ். அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே ஃப்ரிட்ஜ் என்று ஒன்று இருந்தது எங்கள் நிலையத்தில்தான். தடுப்பு மருந்தைத் தவிர அதற்குள் ஒரு தண்ணீர் பாட்டில்கூட வைக்கக் கூடாது. கதவில் தொங்கும் அட்டையில் காலையும் மாலையும் குளிர் எத்தனை டிகிரி என்று குறிக்க வேண்டும். சாவி என்னிடம்தான் இருந்தது.

அந்த மே மாதம் என் மகள் ரோசிக்குப் புதுநன்மை. பூசையில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள். எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் அது ஒரு சின்னக் கல்யாணம் போல. மற்றவர்கள் பிரியாணி போட்டு அனுப்பிவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை...

காரணம் என் நாத்தனார் ஜெயராணி. அவள் பெங்களூர்க்காரி. முந்தின வருடம் தன் மகளின் புதுநன்மைக்குக் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய கபேயில் விருந்து வைத்தாள். வெள்ளைக்காரன் காலத்துக் கடை. சிவப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட மேசைவிரிப்பு, காசு போட்டால் பாடும் பெட்டி, காகிதத் தொப்பி வைத்த சர்வர்கள், உயரமான கண்ணாடி டம்ளரில் ஐஸ்கிரீம். ரோசி டம்ளருக்குள் விரலை விட்டு வழித்து நக்கினாள். ஜெயராணி அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "பாவம், அந்தக் காட்டுல இதெல்லாம் ஏது அதுக்கு" என்றாள்.

அந்தப் 'பாவம்' ஒரு வருடம் என் தொண்டையில் முள்ளாக நின்றது. காட்டில் இருக்கிறவளா நான்? உன் கபேயையே என் வீட்டுக்குள் கொண்டுவந்து காட்டுகிறேன் பார் என்று கறுவிக்கொண்டேன். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

தருமபுரியில் கட்டம் போட்ட துணி எடுத்தேன். பள்ளிக்கூட வாத்தியாரான என் கணவர் அட்டையில் மெனு எழுதினார்: கேரமல் புட்டிங், ஜெல்லி, கஸ்டர்ட், ஐஸ்கிரீம். ஒரு மரப்பெட்டிக்கு மினுமினுப்புக் காகிதம் ஒட்டி, உள்ளே டேப்ரெக்கார்டரை ஒளித்து வைத்துப் பாட்டுப் பெட்டி ஆக்கினோம். எல்லாம் அமைந்துவிட்டது. குளிர் மட்டும் இல்லை.

சனிக்கிழமை மதியம் டாக்டர் ஊருக்குப் போனதும் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். மருந்துக் குப்பிகளை எடுத்து, மலைக்குத் தூக்கிப் போகும் குளிர்பெட்டிக்குள் அடுக்கி, சுற்றிலும் ஐஸ் கட்டிகளை வைத்து மூடினேன். ஒரு நாள் தாங்கும். பாலையும் ஜெல்லியையும் ஃப்ரிட்ஜில் ஏற்றினேன். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நிலையத்தில் வைத்தால் யாராவது பார்ப்பார்களே!

அப்போது ரோசி குறுக்கே வந்தாள். மறுநாள் நன்மை வாங்க வேண்டும் என்றால் அன்று மாலை அவள் சாமியாரிடம் தன் பாவங்களைச் சொல்லி முதல் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள்.

"அம்மா, எனக்கு ரெண்டு பாவந்தான் கெடைச்சுது. மூணாவதா சாமியார்கிட்ட என்னன்னு சொல்றது?"

"பொய் சொன்னேன்னு சொல்லு, போ" என்றேன், கையில் மருந்துப் பெட்டியோடு.

இரவு முழுக்கக் கரண்ட் இல்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்து பார்த்தால் ஐஸ்கிரீம் பாலாகவே ஆடிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு விருந்து. ஜெயராணி வந்து இறங்கிவிட்டாள், மெனு அட்டையைப் படித்துவிட்டு, "நெசமாவே ஐஸ்கிரீம் உண்டாங்க அண்ணி?" என்று கேட்டும்விட்டாள். என் முகம் பற்றி எரிந்தது.

குளிர்பெட்டியைத் திறந்தேன். ஐஸ் கட்டிகள் அனைத்தையும் உருவினேன். அண்டாவில் போட்டு, கல்லுப்பைக் கொட்டி, நடுவில் பால் தூக்கை வைத்துச் சுழற்றினேன். குப்பிகள் வெறும் பெட்டியில் கிடந்தன. ஒரு மணி நேரம்தானே, உறைந்ததும் திரும்ப வைத்துவிடலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

ஐஸ்கிரீம் உறைந்தது! பங்குச்சாமியார் முதல் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வரை எல்லோரும் காகிதத் தொப்பி வைத்துக்கொண்டு டம்ளர் டம்ளராகத் தின்றார்கள். "உங்க வூட்டுக்கு முன்னாடி பெங்களூரெல்லாம் ஒண்ணுமில்லீங்க அண்ணி" என்றாள் ஜெயராணி. அந்த ஒரு சொல்லுக்காகத்தானே இத்தனையும். கேட்டேன். குளிர்ந்தேன்.

எல்லோரும் போன பிறகு, புட்டிங் அவித்த அடுப்புக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி இருந்தது. ஒரு குப்பியை எடுத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. மருந்தின் நிறம் மாறவில்லை. மாறியிருந்தால்தான் தேவலையே! பார்த்தால் நல்ல மருந்துக்கும் செத்த மருந்துக்கும் வித்தியாசம் கிடையாது. துடைத்து, ஃப்ரிட்ஜில் வைத்து, விட்டுப்போன மூன்று வேளைக்கும் அட்டையில் 'நாலு டிகிரி' என்று எழுதினேன்.

திங்கட்கிழமை டாக்டரிடம் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு மெமோ. மிஞ்சினால் இடமாற்றம். குப்பிகளைக் கொட்டிவிட்டு வேறு வாங்கியிருப்பார்கள். சொல்லலாம் சொல்லலாம் என்று இரண்டு நாள் வாய்வரை வந்தது... புதன்கிழமை விடிந்துவிட்டது. புதன்கிழமை மலை முகாம்.

மலைக்கிராமத்து வெள்ளச்சி தன் ஏழு மாதப் பிள்ளை பொன்னனைத் துணியில் முதுகோடு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மூன்று மேடு ஏறி இறங்கி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. "போன மாசம் புளி உலுக்கப் போயிட்டனுங்க சிஸ்டர். வர முடியலிங்க. திட்டாதீங்க" என்றாள்.

"பரவால்ல, இப்ப ஊத்திக்கலாம்" என்றேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தான். இரண்டு சொட்டு விட்டேன். அவனுடைய சொட்டு மருந்து அட்டையில் அந்த மாதத்துக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மறு மாதம் நல்ல மருந்து வந்தது. அன்றைக்கு வாங்கிய எல்லாப் பிள்ளைகளுக்கும் மறுபடி ஒரு தவணை கொடுத்திருக்கலாம். கொடுத்தால் ஏன் என்று டாக்டர் கேட்பார். அதனால் கொடுக்கவில்லை. இதைச் சொல்லும்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஐப்பசி மழையில் வெள்ளச்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்கு ஓடி வந்தாள். நாலு நாள் காய்ச்சல். காய்ச்சல் இறங்கியது, இடது கால் எழவில்லை. தூக்கிப் பிடித்தால் ஈரத்துணி போலத் தொங்கியது.

"சொட்டு ஊத்துனீங்களேங்க சிஸ்டர். அப்புறம் எப்பிடிங்க இது வந்துச்சு?"

டாக்டர் பக்கத்தில் நின்றார். நான் அட்டையை வாங்கினேன். நடுவில் ஒரு கட்டம் காலி. புளி உலுக்கப் போன மாதம்.

"ஒரு தவணைய வுட்டுட்டியே வெள்ளச்சி" என்றேன். "இப்ப வந்து என்னைக் கேட்டா நான் என்ன பண்ணட்டும்?"

இதுதான் என் பெரிய குற்றம். மருந்தைக் கெடுத்தவள் முட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொன்னவள் யார்? வெள்ளச்சி அதை நம்பிவிட்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். நான் குனிந்து அவள் கையைப் பிடித்துத் தடுத்தேன். ஆறுதல் வேறு சொன்னேன்!

'புளிக்கு ஆசைப்பட்டுப் பெத்த பிள்ளை காலைத் தின்னவ' என்று மாமியார் ஊர் முழுக்கச் சொன்னாளாம். புருஷன் இரண்டு வருடம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வெள்ளச்சி அதன் பிறகு புளிய மரத்தடிக்கே போகவில்லை. குழம்பில்கூடப் புளி கரைப்பதில்லை. இதையெல்லாம் அவளே என்னிடம் சொன்னாள். வேறு யாரிடம் சொல்வாள்? நான்தானே அவளுக்கு நல்லவள்.

ஒருவேளை என் மருந்தால் இல்லையோ? விட்டுப்போன தவணைதான் காரணமோ? நல்ல மருந்தே சில பிள்ளைகளிடம் பிடிப்பதில்லையே? இந்த 'ஒருவேளை'க்குள் எத்தனையோ நாள் ஒளிந்து பார்த்துவிட்டேன். அங்கேயும் தூக்கம் வரவில்லை. அன்று மருந்து வாங்கிய மற்றப் பிள்ளைகள் நடக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். தேடிப் போய்ப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

சாமியாரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். மாதம் தவறாமல் முழங்கால் போடுகிறேன். கோபப்பட்டேன், பொறாமைப்பட்டேன் என்று சில்லறைப் பாவங்களாக எண்ணிக் கொடுக்கிறேன். இதைச் சொன்னால் அவர் மன்னித்துவிடுவார். அதுதான் பயம். அவர் யார் மன்னிக்க? கால் அவருடையதா? என் கணவருக்கும் தெரியாது. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

போன வருடம் மலை முகாமில் புதுத் தாய்மார்கள் சிலர், சொட்டு வேண்டாம், பிள்ளைக்குச் சூடு பிடிக்கும் என்று பின்வாங்கினார்கள். வெள்ளச்சி நாலு வயதுப் பொன்னனை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவர்கள் முன்னால் போய் நின்றாள். அவன் சூம்பிய காலைத் தூக்கிக் காட்டினாள். "நான் ஒரு மாசம் வுட்டுட்டேன். பாருங்க. என்னை மாதிரி முண்டமா இருக்காதீங்க. வரச் சொல்லி சிஸ்டர் தலைதலையா அடிச்சுக்கிட்டாங்க, நான் கேக்கல" என்றாள். நான் அப்படி ஒருநாளும் தலைதலையாய் அடித்துக்கொள்ளவில்லை. அவளாகவே அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

எல்லாப் பெண்களும் வரிசையில் வந்து நின்றார்கள். கடைசியாகப் பொன்னனும் வாயைத் திறந்தான். அவனுக்கும் இரண்டு சொட்டு விட்டேன். வெள்ளச்சி அவன் காலைக் கையில் ஏந்தியபடி என்னைப் பார்த்தாள்.

"இப்ப ஊத்துனாலும் கால் வந்துருமாங்க சிஸ்டர்?"

வராது என்று சொல்ல வேண்டியவள் நான். "பாக்கலாம்" என்றேன்.

அன்றிலிருந்து மாதா மாதம் அவனைத் தூக்கிக்கொண்டு மூன்று மேடு ஏறி இறங்கி வருகிறாள். ஒரு தவணைகூட விடவில்லை.