தொனுக்குதல் என்றொரு வினைச்சொல்

இறுதியாண்டு ஒப்படைக்காக எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சொற்களைப் பெயர், வினை என்று பிரித்து எழுத வேண்டியிருந்தது. திங்கட்கிழமை கொடுக்காவிட்டால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். வீட்டிலிருந்து முதன்முதலாகக் கெம்பஸ் போனவன் நான். தள்ளிப்போனால் லயத்தில் எல்லா வீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

பெயர்ச்சொற்களுக்குப் பஞ்சமில்லை. கூடை, இடுப்பில் கட்டும் படங்கு, செடியின் மட்டம் பார்க்கும் மட்டக்கம்பு என்று சுவரில் தொங்கியவற்றைக் கொண்டே இரண்டு பக்கம் நிரப்பிவிட்டேன். வினைச்சொல்லில்தான் இடித்தது, ஒன்பதுக்கு மேல் நகரவில்லை. வெள்ளிக்கிழமை காலை கொப்பியும் பேனாவுமாக, அம்மா கொழுந்து பறிக்கும் மலைக்குப் போய்த் தேயிலை நிரையோரம் நின்றேன்.

மலையில் வேலை செய்யாமல் நிற்பவனை யாரும் சும்மா விடுவதில்லை. அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"எழுதிக்க தம்பி," என்றார் அம்மாவுக்கு அடுத்த நிரையில் பறித்த பெரியம்மா, கை நிற்காமல். "தொனுக்குறது."

"அப்படின்னா?"

"கூடைக்குள்ள கொழுந்து புழுங்கிப் போகும்ல. வெரலால லேசா கெளறி மூச்சு விட வைக்கிறது. கெம்பஸ்ல இதெல்லாம் சொல்லித் தரலையா?"

முக்காலமும் கேட்டேன். நிரைக்கு நிரை பதில் வந்தது.

"நேத்து தொனுக்குனோம்."

"இந்தா, தொனுக்கிக்கிட்டுத்தான் இருக்கோம்."

"நாளைக்கு மழ பேஞ்சா தொனுக்க மாட்டோம்."

எதிர்மறையும் கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில் அடிக்கோடிட்டேன். அம்மா மட்டும் செடிக்குள் குனிந்து தோள் குலுங்க நின்றார். இருமல் என்று நினைத்தேன்.

பகலில் பட்டியலை விரிவுரையாளருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். "தொனுக்குதல் அருமை. எந்த அகராதியிலும் இல்லை. அதை மையமாக வைத்து எழுதுங்கள்," என்று பதில் வந்தது.

அம்மா வேலை முடிந்து வந்ததும் பெருமையாக வாசித்துக் காட்டினேன். குடித்த தேத்தண்ணி அவருக்குப் புரையேறியது.

"அடப்பாவி, அத சேருக்கே அனுப்பிட்டியா? பெரியம்மா அங்கனயே செஞ்ச சொல்லுடா அது."

சனிக்கிழமை மறுபடி போய் நிசமான சொல் கேட்டுக் கெஞ்சினேன். பெரியம்மா ஒரு பழைய கூடையை என் தலையில் மாட்டினார். "ஒரு நெர பறி. சொல்லு தானா வரும்."

வந்தது. "செடி மட்டத்த ஒடைக்காத, மேலாப்புல கிள்ளு." "முத்துன கரட்டெலைய பொறுக்கி எறி." "செடிய மிதிக்காம நட." பகல் சாப்பாட்டுக்குள் முப்பத்தொரு வினைகள். அத்தனையும் ஏவல். அட்டவணையில் மூன்று காலங்களும் காலியாகக் கிடந்தன.

அந்தப் பொய்ச்சொல்லை என்ன செய்வது? வைத்துக்கொண்டால் சேருக்குத் தெரியப்போவதில்லை. நல்ல புள்ளியும் வரும். ஆனால் நாளைக்கு எவனாவது அதை அகராதியில் ஏற்றி, பொருளைச் சரிபார்க்கப் பெரியம்மாவிடமே வந்து நிற்பான். ஞாயிறு காலை எழுதி அனுப்பினேன்: "சேர், அந்தச் சொல் பொய். என்னை ஏமாற்றிவிட்டார்கள். பதிலாக முப்பத்தொரு ஏவல்கள் இருக்கின்றன. எல்லாம் நான் வாங்கிய திட்டு."

நீல நிறத்தில் இரண்டு சரிக் குறிகள் விழுந்தன. அம்மா மூன்று முறை வந்து எட்டிப் பார்த்தார். மூன்றாம் முறை அவர் முகத்தில் சிரிப்பில்லை.

பிறகுதான் பதில் வந்தது: "ஒவ்வொன்றுக்கும் எதிரே திட்டியவர் யார், எதற்காக என்று எழுதுங்கள். நாளை பத்து மணிக்குள் என் மேசையில் இருக்கட்டும்."

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் காரணம் சொன்னார். இருபத்திரண்டாவதற்கு நேரே பெரியம்மா என்று எழுதியிருந்தேன்.

"அது நான் திட்டுனது," என்றார் அம்மா. "மாத்து."