அழிக்கக் கொடுத்த கேசட்டுகள்

எண்பதுகளின் கடைசியில் கல்யாணமாகி ராஜபாளையம் வந்தேன். மஸ்கட்டில் வேலை பார்த்துத் திரும்பியிருந்த என் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். அங்கிருந்து கொண்டுவந்த ஏழு கேசட்டுகளை மட்டும் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். ஒன்றில் அரபிப் பாட்டு, ஒன்றில் ஆப்பிரிக்க மேளம், இன்னொன்றில் வெறும் கித்தார். எதுவும் எனக்குப் பிடிபடவில்லை. அவரிடம் சொல்லாமலே ஸ்ரீவில்லிபுத்தூர் ரெக்கார்டிங் கடைக்கு எடுத்துப் போய், எல்லாவற்றையும் அழித்துவிட்டு சினிமாப் பாட்டு பதியச் சொன்னேன்.

மறுவாரம் கடைக்கார பாய் ஏழையும் அப்படியே திருப்பித் தந்தார்.

"அழிக்க மனசு வரலம்மா. ஏழு அட்டையிலயும் ஏழு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. வீட்ல கேட்டுட்டு வாங்க, பொறவு பதிஞ்சு தாரேன்."

அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லி, "யாருங்க இவங்கள்லாம்?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. மேளக் கேசட்டை எடுத்துப் போட்டார்.

"எல்லாரும் என் ரூம்ல இருந்தவங்க. நான் ஊருக்குக் கிளம்புறப்ப ஆளுக்கு ஒண்ணு குடுத்தாங்க. எங்க அம்மா இறந்த தந்தி வந்தப்ப எனக்கு லீவு கிடைக்கல. இந்த மேளத்தைக் குடுத்த சூடான்காரன்தான் மூணு நாள் சோறு ஊட்டினான்."

ஏழையும் கேட்டு முடிக்க ஒரு வாரமானது. அவர் அம்புட்டு பேசுவார் என்பதே அப்போதுதான் தெரிந்தது. கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார், நான்தான் கேட்கவில்லை.