இடது காலுக்கு ஒரு வேலை

எங்கள் மாமாவின் காரில் இடது காலுக்கு வேலை கிடையாது. அது தெரிந்துதான் மாமா அதை வாங்கியிருந்தார். சிறுவயதில் வந்த ஒரு காய்ச்சல் அவருடைய இடது காலை மெலிய வைத்துவிட்டுப் போயிருந்தது. நடக்கும்போது இடது முட்டின் மேல் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தித்தான் அடுத்த அடி எடுப்பார். எல்லா மாமாக்களும் அப்படித்தான் நடப்பார்கள் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

சிங்கப்பூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, கிளச்சே இல்லாத காரும் உலகத்தில் உண்டு என்று தெரிந்த உடனே லைசென்ஸுக்கு எழுதிப் போட்டாராம். வேலையை விட்டுத் திரும்பி வந்தபோது மற்றவர்கள் டேப் ரெக்கார்டரும் கம்பளியும் கொண்டுவந்தார்கள். மாமா ஒரு பழைய ஜப்பான் காரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். கரமனையில் எங்கள் தெருப் பிள்ளைகள் அதன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்து உள்ளே பார்ப்பார்கள். எனக்கு மட்டும் உள்ளேயே உட்கார உரிமை இருந்தது. அந்தக் கர்வத்தை இன்றைக்கும் முழுதாக விட்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

இரண்டு சீட்டுக்கும் நடுவே ஒரு குச்சி இருக்கும். அதன் அடியில் P, R, N, D என்று எழுத்துகள். அவற்றை அத்தை, அதாவது மாமாவின் மனைவி, தன் வழியில் படித்து வைத்திருந்தாள். தமிழ் டீச்சர் அல்லவா, P என்றால் போ, N என்றால் நில். மாமா ஒருமுறை அவளை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அத்தை சாவியைத் திருப்பினாள். குச்சி இருந்த P-யிலேயே வைத்து ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்தாள். வண்டி ஊரைக் கூட்டியதே தவிர ஒரு அங்குலம் நகரவில்லை. பயந்துபோய் நில் என்று N-க்குத் தள்ளினாள். R-ஐத் தாண்டும்போது ஒரு குலுக்கு குலுக்கிய வண்டி, அதன் பிறகு ஆற்றங்கரைச் சரிவில் சாவகாசமாக இறங்கத் தொடங்கியது. மாமா ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் இருந்திருந்தால் கரமனை ஆற்றில் குளித்திருப்போம். அன்றிலிருந்து வீட்டில் யாரையாவது வம்புக்கு இழுக்க வேண்டுமென்றால் ‘போ, நில்’ என்று சொன்னால் போதும். அத்தை டிரைவர் சீட்டில் அப்புறம் உட்காரவே இல்லை.

நான் ஏழாம் வகுப்புக்குப் போன வருடம் அத்தைக்குப் பிரமோஷன் வந்தது. தலைமையாசிரியை. ஆனால் பள்ளிக்கூடம் பொன்முடி மலையில், எஸ்டேட் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் படிக்கிற ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளி. ஓண லீவு முடிந்ததும் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். காலையில் மலையேறுகிற பஸ் போய்ச் சேரும்போது அங்கே இரண்டாம் பீரியட் நடந்துகொண்டிருக்கும். அத்தைக்கு அந்த வேலை வேண்டும் என்று இருந்தது. வேண்டும் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். மாமா அந்தத் தாளில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு மடித்துவிட்டு, தினமும் நானே கொண்டுவிடுகிறேன் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம் போனோம். மலையடிவாரம் வரை கார் ராஜநடை போட்டது. கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் என்ஜின் கத்தியது, சக்கரம் கேட்கவில்லை. ஒரு வளைவில், தேயிலைச் சரிவு தொடங்குகிற இடத்தில், கருகின எண்ணெய் வாசனையோடு நின்றேவிட்டது. எஸ்டேட் ஜீப் ஒன்று கயிறு கட்டிக் கீழே கொண்டுவந்தது. அத்தை வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கரமனைப் பாலத்துக்குப் பக்கத்தில் வர்க்‌ஷாப் வைத்திருந்தவரை எல்லோரும் ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள். மலையாளத்துக்காரர், எங்களிடம் பேசும்போது அரைத் தமிழ். வாய் ஓயாது. அவர் காரின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்து, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ளே எரிந்துவிட்டது, இதற்கு மருந்து இந்தியாவிலேயே கிடையாது என்று ஒரு டாக்டரைப் போலக் கையைத் துடைத்துக்கொண்டார். உடைத்து விற்கலாம். இல்லையென்றால் அதைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாதா கியர்பாக்ஸ் வைக்கலாம், மலையும் நன்றாக ஏறும். “பட்சே சாரே, ஆனா…” என்று இழுத்தார். பார்வை மாமாவின் காலுக்குப் போய்த் திரும்பியது. சாதா கியர் என்றால் கிளச்சு. கிளச்சு என்றால் இடது கால்.

மாமா அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. “நீ கியர்பாக்ஸ வை. கைக் கிளச்சு ஒண்ணு பொறவு வச்சுக்கிடலாம். அது செகண்ட் ஸ்டேஜ்.”

அந்தச் சொல் எனக்குப் பிடித்துப்போயிற்று. ராக்கெட்டுக்கெல்லாம் அப்படித்தானே சொல்வார்கள். அன்று சாயங்காலமே என் சைக்கிள் பிரேக் பிடியைக் கியர் குச்சியின் தலையில் மாட்டினால் எப்படி இருக்கும் என்று படம் வரைந்து மாமாவிடம் நீட்டினேன். “கொள்ளாமே மக்களே” என்று என்னை மெச்சிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. “தனக்கு ஓட்ட முடியாத வண்டிய எவனாவது மெனக்கெட்டு உண்டாக்குவானா?” என்று தன் தம்பியைப் பற்றி அடுக்களையில் நின்று சுவரிடம் கேட்டாள். சுவர் சார்பில் நான்தான் செகண்ட் ஸ்டேஜை விளக்கினேன்.

அந்த மழைக்காலத் தொடக்கத்தில் பள்ளிக்கூடம் விட்டதும் நான் வர்க்‌ஷாப்பில்தான். கோயம்புத்தூரில் பழைய காரெல்லாம் பிரித்து விற்கிற கடையிலிருந்து, அதே கம்பெனியின் வேறொரு வண்டிக் கியர்பாக்ஸ் சாக்கில் கட்டி லாரி பார்சலில் வந்தது. மாமா டயர் அடுக்கின் மேல் காலை நீட்டி உட்கார்ந்து, தரையில் சாக்பீஸால் படம் போட்டு ஆசானோடு மல்லுக்கு நிற்பார். புது கியர்பாக்ஸ் நீளம் குறைவு. பின்சக்கரத்துக்குப் போகிற தண்டு எட்டவில்லை. லேத்தில் கொடுத்து நீட்டினார்கள். ஆட்டோமேட்டிக்கின் பிரேக் பெடல் இரண்டு கால் வைக்கிற அளவுக்கு அகலம். அதை அறுத்துப் பாதியாக்கினால்தான் பக்கத்தில் கிளச்சு பெடலுக்கு இடம் கிடைக்கும். அறுக்கும்போது பெடலின் அந்தப் பக்கத்தை மாமாதான் பிடித்துக்கொண்டார். துண்டு விழுந்ததும் அதைத் துடைத்து என் கையில் கொடுத்தார். எனக்குத் தெரிந்து காரை அறுத்துப் பங்கு கொடுத்த மாமா வேறு யாருக்கும் இல்லை.

“இனி இது மனுஷ வண்டி சாரே,” என்றார் ஆசான். “மூணு பெடல்.”

எல்லாம் பூட்டி முடித்து, சாவியைத் திருப்பினால் ஒரு முனகல்கூட இல்லை. விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, என்ஜின் மட்டும் செத்துக் கிடக்கிறது. ஆசான் பேட்டரியை மாற்றிப் பார்த்தார். ஸ்டார்ட்டரைக் கழற்றி மேசையில் வைத்துச் சுற்றவிட்டுப் பார்த்தார்; அது ஜோராகச் சுற்றியது. மறுபடி மாட்டினால் பழைய மௌனம். மதியம் தொடங்கியது மாலையாகியும் முடியவில்லை. ஓண லீவுக்கு ஆறு வாரம்தான் இருந்தது. ஆசான் முதல்முறையாகப் பேச்சை நிறுத்தினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்போது பள்ளிக்கூடத்திலிருந்து திரும்புகிற வழியில் அத்தை எட்டிப்பார்த்தாள். குடையை மடக்கி, கதவு வழியாகத் தலையை நீட்டி, புதுக் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த P எங்க?” என்றாள்.

மாமாவுக்குப் புரியவில்லை. இவள் எதற்குப் பழைய கேலியை இப்போது கிளப்புகிறாள் என்பது போலப் பார்த்தார்.

“முன்னால P-லயோ N-லயோ வச்சாத்தானே சாவிக்கு எழும்பும்? இப்பம் ரெண்டும் இல்ல. அது P-ஐத் தேடிட்டு இருக்காக்கும்.”

மாமா அத்தையைப் பார்த்தார். ஆசான் மாமாவைப் பார்த்தார். பிறகு ஆசான் டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு காருக்கு அடியில் போனார். பழைய கியர்பாக்ஸில் மாட்டியிருந்த இரண்டு ஒயர்கள் அநாதையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டையும் முறுக்கிச் சேர்த்து, திருப்பச் சொன்னார். என்ஜின் ஒரே சொல்லில் எழுந்தது. மாமா பானெட்டைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உனக்கு எப்படி ஞாபகம் வந்தது என்று கேட்டதற்கு அத்தை, “நாணங்கெடுத்த எழுத்து மறக்குமா?” என்று குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆனால் மாமா அவளையே ஓட்டச் சொன்னபோது அவள் சம்மதிக்கவில்லை. டிரைவர் வைத்துக்கொள்ளலாம், பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். கடைசியில், “உங்க வண்டியில நான் உக்காந்து ஓட்ட, நீங்க பக்கத்துல சும்மா இருப்பியளா?” என்று கேட்டாள். எல்லாம் செகண்ட் ஸ்டேஜ் வரைக்கும்தான், கைக் கிளச்சு வந்ததும் உன்னை இறக்கிவிட்டுவிடுவேன் என்று மாமா சத்தியம் செய்தார். அதன் பிறகுதான் அவள் அடங்கினாள்.

வாழ்க்கையில் ஒருமுறைகூடக் கிளச்சைச் சவிட்டாத மனிதர் அவளுக்குக் கிளச்சு சொல்லிக்கொடுத்தார். சவிட்டு என்றால் மிதி. எங்கள் வீட்டுத் தமிழுக்கும் தெரு மலையாளத்துக்கும் சண்டை வராத சொற்களில் ஒன்று. சாப்பாட்டு மேசையில் இரண்டு எவர்சில்வர் தட்டுகளை முதுகோடு முதுகாக ஒட்டி, நடுவே ஈரத்துணி வைத்து, ஒன்றைச் சுற்றினால் மற்றது எப்படி மெல்லச் சுற்ற ஆரம்பிக்கிறது என்று காட்டினார். “டக்குனு விடாத. பாதியில வச்சுக் காத்திரு. அது வந்து பிடிக்கும். பிடிச்ச பொறவு விடு.” அத்தை கேட்டுவிட்டு, நீங்க சவிட்டிப் பார்த்த மாதிரியே சொல்றிய என்றாள். மாமா தட்டைத் துடைத்து அடுக்கில் வைத்தார். காரில் அவள் அதைச் செய்ய ஆற்றங்கரை ரோட்டில் எத்தனையோ முறை குலுங்கி நின்றோம். லைசென்ஸ் டெஸ்டில் ஒருமுறை தோற்று, மறுமுறை பாஸானாள்.

பழவங்காடியில் பிள்ளையாருக்கு முன்னால் வண்டியை நிறுத்தித் தேங்காய் வாங்கப் போனோம். புது வண்டியா என்று கடைக்காரர் கேட்டார். பாதி புதுசு என்றார் மாமா. “அப்போ பாதித் தேங்கா மதியோ, போதுமோ?” என்று அவர் சிரித்துக்கொண்டே முழுதாக ஒன்றை எடுத்துத் தந்தார். மாமா அதை அத்தையிடம் நீட்டினார். ஓட்டுகிற ஆள்தான் உடைக்க வேண்டும் என்றார். அத்தை ஓங்கி அடித்த அடியில் சில்லு என் பாவாடை வரை தெறித்தது.

பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிறு மறுபடி பொன்முடி ஏறினோம். அத்தை ஓட்ட, இடது பக்கத்தில் மாமா, பின்னால் இரண்டு சீட்டுக்கும் நடுவே என் தலை. மாமா எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. தேயிலைச் சரிவு தொடங்குகிற அந்த வளைவில், மேலேயிருந்து ஒரு ஜீப் இறங்கி வந்தது. அத்தை ஓரம் கட்டி நிறுத்த வேண்டியதாயிற்று. ஜீப் போய்விட்டது. இப்போது அந்த ஏற்றத்தில், பின்னால் பள்ளத்தை வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலிருந்து வண்டியைக் கிளப்ப வேண்டும். இங்கே தோற்றால் நாளைக்கு அவள் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவாள் என்பது எனக்கே தெரிந்திருந்தது.

அத்தை முதல் கியரைப் போட்டாள். அப்போதுதான் பார்த்தேன். மாமாவின் மெலிந்த இடது கால் வண்டித் தரையில் நேராக ஊன்றியிருந்தது. முட்டின் மேல் அவர் கை. அந்தக் கை முட்டைக் கீழே அழுத்திப் பிடித்திருந்தது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது, பாதியில் நின்றது, காத்திருந்தது. என்ஜின் சத்தம் தாழ்ந்து, வண்டியின் மூக்கு லேசாக எழும்பியது. அத்தை ஹேண்ட் பிரேக்கை விட்டாள். மாமாவின் கை முட்டைவிட்டு முழுதாக எழுந்தபோது நாங்கள் அந்த வளைவைத் தாண்டியிருந்தோம்.

“செகண்ட் போடட்டா?” என்று அத்தை கேட்டாள்.

“போடு,” என்றார். கை மறுபடி முட்டுக்குப் போயிற்று.

மலை முழுக்க அப்படியே. ஒவ்வொரு கியருக்கும் அந்தக் கை இறங்கி ஏறியது. கால் வலிக்கிறதா மாமா என்று கேட்டேன். அவர் தன் கையை யாருடையதோ போலப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார். இல்லை மக்களே, வண்டி நன்றாக ஏறுகிறது என்றார். அத்தை ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அத்தை அந்தப் பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெறும் வரை இருந்தாள். செகண்ட் ஸ்டேஜ் வரவே இல்லை. சைக்கிள் பிரேக், ஆட்டோக் கிளச்சு, கயிறு, கப்பி என்று நான் வரைந்த படமெல்லாம் மாமாவின் சட்டைப் பைக்குள் போய்க்கொண்டே இருந்தன. எனக்கு அவர்மேல் மனஸ்தாபம்கூட வந்தது, இத்தனை பெரிய வேலையைச் செய்தவர் சின்ன வேலையில் சோம்பல்படுகிறாரே என்று. அத்தை சனிக்கிழமைதோறும் காரைக் கழுவிக்கொண்டே, “செகண்ட் ஸ்டேஜ் எப்பம்?” என்று கேட்பாள். “வருது, வருது” என்பார் மாமா. இரண்டு பேரும் ஏன் ஒவ்வொரு தடவையும் அதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

அத்தை முதன்முதலாக மலையேற்றிய அந்த ஞாயிறு, இறங்கி வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் செய்தது, அம்மாவின் அலமாரியிலிருந்து வலித் தைலத்தை எடுத்துக்கொண்டுபோய் மாமாவிடம் கொடுத்ததுதான். ரொம்ப நேரம் அழுத்திக்கொண்டே வந்தீர்களே என்றேன். மாமா குப்பியை வாங்கினார். மூடியைத் திறந்து, இடது முட்டில் பதமாகத் தேய்த்துக்கொண்டார். வலி போய்விட்டது மக்களே என்றார்.

ஒரு காரையே மாற்றிய மாமாவின் கால்வலியை மாற்றியவள் நான்தான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.